இது என்ன சத்தம்? கூட்டமாக உட்கார்ந்து ஒலியைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு: தொடங்குபவர்களுக்கு

விளையாட்டு இவ்வளவுதான்: ஒருவர் ஐந்தாறு விநாடி நீளத்துக்கு ஒரு சத்தத்தைப் போட்டுக் காட்டுவார், படம் கிடையாது, குறிப்பு கிடையாது, மற்றவர்கள் அது எதிலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். வீட்டில் நாலு பேர் இருந்தாலும் ஆடலாம், வகுப்பில் நாற்பது பேர் இருந்தாலும் ஆடலாம், வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒரு சத்தம் என்று மாதக்கணக்கில் ஓட்டலாம். ஒரு போன் போதும், செலவு எதுவும் இல்லை.

இவ்வளவு எளிதான விளையாட்டைப் பல இடங்களில் அவசரப்பட்டு வீணடித்துவிடுகிறார்கள். சத்தம் ஒலிக்கும், குரல் பெரிதாக இருப்பவர் "மிக்சி!" என்று கத்துவார், சரியென்றால் கைதட்டல், தப்பென்றால் சிரிப்பு, உடனே அடுத்த சத்தம். பத்து நிமிடத்தில் எல்லாருக்கும் சலித்துப்போகும். என்னைக் கேட்டால், காதில் விழுவதற்கும் வாயில் பெயர் வருவதற்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறதே, அதை எவ்வளவு நேரம் நீட்ட முடிகிறதோ அவ்வளவு நேரமும்தான் ஆட்டம். அந்த இடைவெளியில் நம் காது எதையெல்லாம் பிடிக்கிறது, எங்கே ஏமாறுகிறது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்வது அதை எப்படிக் கெடுக்கிறது என்று தெரிந்துகொண்டால் நாலு சத்தத்தை வைத்தே ஒரு மாலை முழுக்க ஆடலாம்.

காது கேட்பது என்ன?

ஒரு டம்ளர் மேசைமேல் சும்மா இருந்தால் அதற்குச் சத்தம் கிடையாது. அது கீழே விழ வேண்டும், யாராவது தட்ட வேண்டும், அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஏதோ ஒன்று இன்னொன்றின்மேல் ஏதோ செய்யும்போதுதான் சத்தம் பிறக்கிறது. அதனால் காதுக்கு வந்து சேர்வது எப்போதும் ஒரு நிகழ்ச்சியைப் பற்றிய செய்தி. பொருளின் பெயரை அதிலிருந்து நாம்தான் ஊகிக்கிறோம்.

வில்லியம் கேவர் என்ற ஆய்வாளர் 1993இல் வெளியிட்ட கட்டுரைகளில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். பாட்டுக் கேட்கும்போது சுருதி, தாளம், குரலின் நயம் என்று ஒலியின் குணங்களைக் கேட்கிறோம். தெருவில் நடக்கும்போது அப்படிக் கேட்பதில்லை. பின்னால் லாரி வந்தால் "தாழ்ந்த சுருதியில் ஓர் உறுமல்" என்று யாரும் நினைப்பதில்லை, பெரிய வண்டி, கிட்டே வந்துவிட்டது என்று ஒதுங்கிவிடுகிறோம். சத்தம் எழுப்பும் நிகழ்ச்சிகளை அவர் மூன்று பெரிய குடும்பங்களாக வகுத்தார்: திடமான பொருள்கள் மோதுவது, உரசுவது, உருள்வது; நீர் சொட்டுவது, தெறிப்பது, ஊற்றுவது; காற்று வீசுவது, வெடிப்பது, சீறுவது. முதல் முறை ஆடுகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் உதவி இதுதான். என்ன பொருள் என்று யோசிக்காதீர்கள், இந்த மூன்றில் எந்தக் குடும்பம் என்று மட்டும் முதலில் முடிவு செய்யுங்கள். சில சத்தங்களில் இரண்டு குடும்பமும் கலந்திருக்கும். கடுகு தாளிக்கும்போது எண்ணெயின் பொரிச்சலும் இருக்கிறது, கடுகு வெடித்து மூடியில் மோதுவதும் இருக்கிறது. அந்த இரண்டையும் காதிலேயே பிரித்துவிட்டால் விடை பக்கத்தில் வந்துவிடும்.

அடுத்தது, எதனால் ஆன பொருள் என்பது. ஒன்றைத் தட்டிய பிறகு அதன் ஓசை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். எவர்சில்வர் தட்டு கணீரென்று கொஞ்ச நேரம் ரீங்கரிக்கும், மரப்பலகை "டொக்" என்று உடனே அடங்கிவிடும், பிளாஸ்டிக் வாளி இன்னும் மந்தமாக அடங்கும். சத்தம் எவ்வளவு கூர்மையானது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்பது பொருளைப் பற்றி அதிகம் சொல்லும். அளவும் தெரியும்: பொதுவாகப் பெரிய பொருள் தாழ்ந்த ஓசையும் சிறியது உயர்ந்த ஓசையும் தரும். இதில் ஒரு தந்திரம் உண்டு, சத்தம் போடுகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். அதே எவர்சில்வர் தட்டைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தட்டினால் ரீங்காரம் செத்துவிடும், கூட்டம் முழுக்க மரம் மரம் என்று சொல்லும்.

மூன்றாவது, என்ன நடந்தது என்பது. இது காலத்தில் இருக்கிறது, அதாவது ஒரு தட்டலுக்கும் அடுத்த தட்டலுக்கும் இடையில் உள்ள நேரத்தில். 1984இல் வாரன், வெர்ப்ரூக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கண்ணாடி விழுந்து உடைவதையும், உடையாமல் துள்ளுவதையும் வைத்துச் செய்த சோதனை இந்த விளையாட்டுக்காகவே செய்ததுபோல இருக்கும். கேட்டவர்களுக்கு இரண்டையும் பிரித்தறிவதில் சிரமமே இல்லை. எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்று பார்க்க, தனித்தனிக் கண்ணாடித் துண்டுகள் துள்ளும் சத்தத்தைப் பதிவு செய்து அவற்றை ஒன்றாகச் சேர்த்தார்கள். எல்லாத் துண்டுகளும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுவதுபோல அடுக்கினால் மக்கள் "துள்ளுகிறது" என்றார்கள். ஒவ்வொரு துண்டும் தன் போக்கில் தனித்தனி நேரத்தில் துள்ளுவதுபோல அடுக்கினால், அதே துண்டுகளின் அதே சத்தம்தான், ஆனால் "உடைந்துவிட்டது" என்றார்கள். உடைதல் என்பது காதுக்கு ஒரு தாளம் பல தாளமாகச் சிதறுவது, அவ்வளவுதான்.

இதெல்லாம் ஆய்வாளர்களுக்கு மட்டும் வாய்த்த திறமை என்று நினைக்க வேண்டாம். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு உள்ளே வேலை பார்க்கிறவர்கள், குடம் நிரம்பப்போகிறது என்று சரியாக எழுந்து வருவார்கள். தண்ணீர் ஏற ஏற மேலே உள்ள காற்றின் உயரம் குறைகிறது, காற்று குறையக் குறைய ஓசை மேலே ஏறுகிறது, அந்த ஏற்றத்தைக் காது தானாகவே கணக்குப் போடுகிறது. வெந்நீர் ஊற்றுவதையும் பச்சைத்தண்ணீர் ஊற்றுவதையும்கூடப் பலர் காதாலேயே பிரித்துவிடுகிறார்கள், வெந்நீர் கொஞ்சம் மந்தமாகவும் பச்சைத்தண்ணீர் கொஞ்சம் கணீரென்றும் கேட்கும். முதல் நாள் ஆட்டத்துக்கே இதை வையுங்கள். ஒரே டம்ளர், ஒரே உயரம், இரண்டு ஊற்றல், எது சுடுதண்ணீர் என்று கேளுங்கள். தங்களால் முடியும் என்று யாருமே நம்பமாட்டார்கள், ஆனால் சரியாகச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

காது எங்கே ஏமாறும்?

மழை, எண்ணெயில் அப்பளம் பொரிவது, தூரத்தில் ஒரு அரங்கம் நிறையக் கைதட்டல், சுள்ளி எரிவது, காற்றில் பனையோலை சலசலப்பது. இந்த ஐந்தையும் சத்தத்தின் அளவைச் சமமாக்கி அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், நல்ல காதுள்ளவர்களே தடுமாறுவார்கள். காரணம், இவை எல்லாமே ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் வருபவை. ஒவ்வொரு துளியையும் மூளை தனித்தனியாக எண்ணிக்கொண்டிருப்பதில்லை. மொத்தத்தில் எப்படி இருக்கிறது, எவ்வளவு அடர்த்தி, எந்த உயரத்தில் ஓசை அதிகம் என்ற சராசரியைத்தான் வைத்துக்கொள்கிறது. 2011இல் மெக்டெர்மாட், சைமன்செல்லி என்ற இருவர் இந்தச் சராசரிகளை மட்டும் அளந்து, அவற்றிலிருந்து கணினியில் புதிதாக மழையையும் ஓடையையும் பூச்சிக் கூட்டத்தையும் செய்து காட்டினார்கள், கேட்டவர்களால் அவற்றை அடையாளம் சொல்லவும் முடிந்தது. ஆகவே இந்த வகைச் சத்தத்தில் மாட்டிக்கொண்டால் ஒட்டுமொத்த இரைச்சலைக் கேட்பதில் பயனில்லை. தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும் ஏதாவது ஒரு சொட்டு, ஒரு வெடிப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள். கைதட்டலென்றால் ஓரத்தில் இருக்கும் ஒருவரின் கை தனியாகக் கேட்கும், மழையென்றால் தகரத்திலோ இலையிலோ விழும் ஒரு பெரிய துளி கேட்கும்.

இன்னொரு ஏமாற்றம், தொடக்கத்தை வெட்டுவது. பியேர் ஷேஃபர் என்பவர் பிரெஞ்சு வானொலியில் பொறியாளர். 1948 வாக்கில் பாரிஸில் ரயில் சத்தம், மணியோசை போன்றவற்றை இசைத்தட்டில் பதிவு செய்து அவற்றையே இசையாக அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர். மணி அடிபடும் அந்த முதல் நொடித்துளியை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் பதிவு செய்தபோது அது மணியாகவே கேட்கவில்லை, ஏதோ ஊதும் கருவிபோலக் கேட்டது. ஒரு பொருளை நாம் அடையாளம் காண்பதில் அந்த முதல் அடிக்கு எவ்வளவு பெரிய பங்கு என்று அதிலிருந்து தெரிகிறது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல், ஒலியை ஒலியாக மட்டும் கேட்பதைப் பற்றி அவர் 1966இல் ஒரு பெரிய நூலே எழுதினார். பித்தாகரஸ் திரைக்குப் பின்னால் நின்று பாடம் நடத்தியதாகவும், மாணவர்கள் ஆளைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டதாகவும் ஒரு பழங்கதை உண்டு, அந்தத் திரையைத்தான் ஷேஃபர் தன் கேட்கும் முறைக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார். நம் விளையாட்டில் போனின் கறுப்புத் திரை அந்த வேலையைச் செய்கிறது.

சினிமாக்காரர்கள் இதை வேறு பக்கத்திலிருந்து பயன்படுத்துகிறார்கள். தேங்காய்ச் சிரட்டை இரண்டைத் தரையில் தட்டினால் குதிரைக் குளம்பு, சோளமாவுப் பையைப் பிசைந்தால் பனியில் நடக்கும் காலடி. 1920களின் கடைசியில், பேசும் படம் வந்த புதிதில், ஹாலிவுட்டின் யுனிவர்சல் நிறுவனத்தில் ஜாக் ஃபோலி என்பவர் படத்தைப் பார்த்துக்கொண்டே இப்படிச் சத்தம் போடும் முறையை வளர்த்தார், இன்றைக்கும் அந்த வேலைக்கு ஃபோலி என்றே பெயர். கண் குதிரையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் காது சிரட்டையை ஏற்றுக்கொள்கிறது. படத்தை எடுத்துவிட்டு அதே சத்தத்தை விளையாட்டில் போட்டால் "ஏதோ உள்ளே வெற்றிடமாக இருக்கிற, மரம் மாதிரியான இரண்டு பொருள்" என்று யாராவது சொல்லக்கூடும். அப்படிச் சொல்கிறவருக்குக் குதிரை என்று சொன்னவரைவிட நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

அப்புறம் பழக்கம். நம் ஊர் அணில் கீச்சிடுவதைப் பறவை என்று நினைத்துக்கொண்டு மரத்தில் தேடாதவர்கள் குறைவு. செம்மார்புக் குக்குறுவான் என்ற பறவை "டுக்... டுக்... டுக்..." என்று ஒரே சீராக அடித்துக்கொண்டே இருக்கும், பாத்திரக் கடையில் யாரோ செம்பைத் தட்டுகிறார்கள் என்று தோன்றும், ஆங்கிலத்தில் அதற்குக் கன்னார் தொழிலை வைத்தே பெயர் வைத்திருக்கிறார்கள். கரிச்சான் குருவிகள் வல்லூறு மாதிரி கத்தும். எங்கே வளர்ந்தவர் என்பதும் சேர்ந்துகொள்ளும். பெத்தோவனின் ஃபியூர் எலிஸ் மெட்டு தெருவில் கேட்டால் இலங்கையில் பாண், அதாவது ரொட்டி, விற்கும் ஆட்டோ வருகிறது என்று அர்த்தம், தைவானில் அதே மெட்டு கேட்டால் குப்பை வண்டி வருகிறது என்று வீட்டுக் குப்பையை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். இரும்புத் தகடு இரண்டு தோசைக்கல்லில் தாளம்போட்டு மோதும் சத்தத்தை மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ போட்டால் கொத்து என்று பாதி விநாடியில் சொல்லிவிடுவார்கள், வேறெங்காவது போட்டால் ஒரு தொழிற்சாலையையே கற்பனை செய்வார்கள். உங்கள் கூட்டத்தில் பல ஊர்க்காரர்கள் இருந்தால் அது ஆட்டத்துக்குப் பெரிய வரம்.

கூட்டம் என்ன செய்கிறது?

இங்கேதான் பெரும்பாலான குழுக்கள் கோட்டைவிடுகின்றன. முதலில் சத்தமாகச் சொல்லப்பட்ட விடை மற்றவர்கள் காதுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். "மிக்சி" என்று கேட்ட பிறகு நீங்கள் அந்தச் சத்தத்தில் மிக்சியைத்தான் தேடுவீர்கள், கிடைக்கவும் செய்யும். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் செய்த புகழ்பெற்ற சோதனைகளில், கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் கோட்டின் நீளத்தைக்கூட, கூட இருந்தவர்கள் ஒரே குரலில் தப்பாகச் சொன்னதால் ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை மக்கள் தாங்களும் தப்பாகவே சொன்னார்கள். கண்ணெதிரே இருக்கும் கோட்டுக்கே இந்தக் கதி என்றால், ஐந்து விநாடியில் மறைந்துபோகும் சத்தம் எம்மாத்திரம்?

அதனால் ஒரே ஒரு விதியை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் எழுது, பிறகு பேசு. சத்தத்தை இரண்டு முறை போடுங்கள், அந்த நேரத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது, முகத்தில்கூட எதையும் காட்டாமல் இருந்தால் நல்லது. ஒவ்வொருவரும் தாளிலோ போனிலோ தன் ஊகத்தை எழுதிக் கவிழ்த்து வைக்கட்டும். வாட்ஸ்அப்பில் ஆடினால் விடையைக் குழுவில் போடாமல் நடத்துபவருக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். இதைச் செய்துவிட்டாலே பேசத் தயங்கும் பிள்ளைகளின் விடையும் வந்துவிடும், பல சமயம் சரியான விடை அங்கேதான் இருக்கும்.

எழுதி முடித்ததும் பேச்சு. முதல் சுற்றில் பெயர் சொல்லத் தடை. கேட்டதை மட்டும் விவரிக்க வேண்டும். நமக்கு இதில் பெரிய வசதி இருக்கிறது, சலசல, சடசட, கடகட, நறநற, மொறுமொறு, கிணுகிணு, தொப், டொம், சர்ர் என்று கையில் அள்ள அள்ளக் குறையாமல் சொற்கள் கிடக்கின்றன. "முதலில் சர்ர்னு ஒரு இழுப்பு, அப்புறம் டக், அப்புறம் மறுபடி சர்ர், ஆனா இந்தத் தடவை கொஞ்சம் சின்னது" என்று ஒருவர் சொன்னால் இன்னொருவர் "இல்லை, டக் இரண்டு தடவை இருந்தது" என்பார். மறுபடி போட்டுப் பார்ப்பீர்கள். முதல் தடவை கேட்காத ஒன்று இப்போது எல்லாருக்கும் கேட்கும். இந்தச் சுற்று எவ்வளவு நேரம் ஓடினாலும் நிறுத்தாதீர்கள், இதுதான் மொத்த விளையாட்டிலும் ருசியான பகுதி.

பிறகு நடத்துபவரிடம் ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்விகள் மூன்று கேட்கலாம். நல்ல கேள்வி பாதி சாத்தியங்களை வெட்டிவிடும்: உயிருள்ளதா, மனிதர் கை படுகிறதா, வீட்டுக்குள் நடப்பதா. "தையல் மெஷினா?" என்பது மோசமான கேள்வி, ஒன்றைத்தான் வெட்டும். கேள்விக்குப் பிறகு விரும்பினால் விடையை மாற்றலாம், ஆனால் முதலில் எழுதியதை அடிக்காமல் பக்கத்தில் எழுத வேண்டும். எத்தனை பேர் சரியிலிருந்து தப்புக்கு மாறினார்கள் என்று கடைசியில் பார்ப்பது பெரிய பாடம்.

மதிப்பெண் போடும்போது முழு விடைக்கு மட்டும் போடாதீர்கள். எதனால் ஆனது என்பதற்கு ஒன்று, என்ன நடக்கிறது என்பதற்கு ஒன்று, எந்தப் பொருள் என்பதற்கு ஒன்று. தேங்காய் துருவும் சத்தத்தைக் கேட்டு "கடினமான எதையோ இரும்பால் சுரண்டுகிறார்கள்" என்று எழுதியவருக்கு இரண்டு மதிப்பெண் போக வேண்டும், அவர் கேட்டது சரி, பெயர் மட்டும்தான் வரவில்லை.

விடையைச் சொன்ன பிறகு கட்டாயம் இன்னொரு முறை போடுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள் பாதி விளையாட்டை இழக்கிறார்கள். 1981இல் ராபர்ட் ரெமஸும் அவருடைய குழுவினரும் ஒரு வாக்கியத்தை எடுத்து, பேச்சின் எல்லாச் சதையையும் உரித்துவிட்டு, ஏறி இறங்கும் மூன்று விசில் ஓசைகளாக மட்டும் மாற்றினார்கள். ஒன்றும் சொல்லாமல் போட்டால் பலருக்கு ஏதோ விண்வெளிச் சத்தம்போலக் கேட்டது. இது பேச்சு என்று சொல்லிவிட்டுப் போட்டால் சொற்கள் காதில் விழுந்தன, அதன் பிறகு அதை வெறும் விசிலாகக் கேட்பது கடினம். விடை தெரிந்த பிறகு உங்கள் சத்தமும் அப்படித்தான் மாறும். எது மாறியது, எந்த இடத்தில் மாறியது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரே சேர்ந்து ஆடிய சில ஆட்டங்கள்

இதே விளையாட்டு நிஜ வாழ்க்கையில், விடை தெரிந்தவர் யாருமே இல்லாமல் நடந்திருக்கிறது. 1980களில் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் உள்ள சாசலீட்டோவில், படகு வீடுகளில் குடியிருந்தவர்களைக் கோடை இரவுகளில் ஒரு தாழ்ந்த ரீங்காரம் தூங்கவிடாமல் செய்தது. கழிவுநீர் பம்பு என்பதில் தொடங்கி ராணுவ ரகசியச் சோதனை வரை ஊகங்கள் ஓடின. கடைசியில் அது மிட்ஷிப்மேன் என்ற மீன். ஆண் மீன் தன் காற்றுப்பையை ஒட்டிய தசைகளை விநாடிக்கு நூறு தடவை அளவில் அதிரவைத்துப் பெண் மீனைக் கூப்பிடுகிறது, படகின் அடிப்பாகம் அதை வாங்கி வீட்டுக்குள் பெருக்கிவிடுகிறது. ஊகங்கள் பெரும்பாலும் இயந்திரம் பக்கம் போனதைக் கவனியுங்கள். ஒரே சீராக, நிற்காமல் ஒலிப்பது இயந்திரமாகத்தான் இருக்க வேண்டும் என்று நம் காது முடிவுகட்டிவிடுகிறது. குக்குறுவானிடமும் நாம் ஏமாறுவது இதே காரணத்தால்தான்.

தென் கடலில் 1960களிலிருந்து நீர்மூழ்கிக் கப்பல்காரர்கள் வாத்து கத்துவதுபோல ஒரு சத்தத்தைக் கேட்டு வந்தார்கள், அதற்கு உயிர்வாத்து என்கிற மாதிரி ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். அரை நூற்றாண்டு வரை விடை இல்லை. அன்டார்க்டிக் மின்கே திமிங்கலங்களின் உடம்பிலேயே ஒலி பதியும் கருவியை ஒட்டி அனுப்பியபோதுதான், அதே சத்தம் அவற்றிடமிருந்து பதிவானது, 2014இல் அதை வெளியிட்டார்கள். வெறும் காதால் ஊகிப்பதற்கு ஓர் எல்லை உண்டு, அதற்குமேல் சத்தம் பிறக்கும் இடத்துக்கே போய்த்தான் ஆக வேண்டும்.

மூன்றாவதில் நமக்கு நேரடியான பாடம் இருக்கிறது. 1997இல் அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா பசிபிக் கடலில் வைத்திருந்த நீரடி மைக்குகள், 5,000 கிலோமீட்டருக்கு மேல் விலகியிருந்தவை உட்பட, ஒரு மாபெரும் சத்தத்தைப் பிடித்தன. ப்ளூப் என்று பெயர். இணையத்தில் கேட்டால் ஏதோ ராட்சதப் பிராணி தண்ணீருக்குள் வாய் திறந்தது மாதிரி இருக்கும், பலர் அப்படியே நம்பவும் செய்தார்கள். ஆனால் பரவலாகக் கேட்கப்படும் அந்தப் பதிவு 16 மடங்கு வேகமாக ஓட்டப்பட்டது. உண்மையான சத்தம் நீண்டது, மிகத் தாழ்ந்தது. பெரிய பனிப்பாறை பிளக்கும்போது எழும் அதிர்வு என்று நோவா பிறகு விளக்கியது. வேகத்தை மாற்றினால் பொருளின் அளவே மாறிப்போகிறது, பிளக்கும் பனி ஒரு தொண்டையாகிவிடுகிறது. உங்கள் விளையாட்டில் வேகம் மாற்றிய சத்தத்தைப் போடுவதாக இருந்தால், மாற்றியிருக்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போடுவது ஆடுகிறவர்களுக்குச் செய்யும் நியாயமல்ல.

பதிவு செய்யும்போது

போன் போதும் என்றேன், ஆனால் ஒன்றிரண்டைக் கவனிக்க வேண்டும். பல போன்களும் ஆப்களும் மனிதக் குரலைத் தெளிவாக்குவதற்காக, பின்னால் சீராக ஓடும் சத்தத்தை அமுக்கிவிடும். மின்விசிறி, கிரைண்டர், மழை எல்லாம் அவற்றுக்கு வெறும் இரைச்சல். அதனால் வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பாமல், போனின் ரெக்கார்டரில் பதிவு செய்து கோப்பாக அனுப்புங்கள். ஜூமில் ஆடினால் ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு மைக்கில் பிடிக்காதீர்கள், திரையைப் பகிரும்போது கணினியின் ஒலியையும் சேர்த்துப் பகிரும் வசதி இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். போன் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஓசைகள் சரியாக வராது, ஹெட்போன் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் கேட்பதே வேறாக இருக்கும். ஒன்று எல்லாரும் ஹெட்போன், இல்லையென்றால் அறைக்கு நடுவில் ஒரு நல்ல ஸ்பீக்கர்.

மைக்கை எவ்வளவு கிட்டே கொண்டுபோகிறீர்களோ அவ்வளவு கடினமாகும். முறத்தில் அரிசி புடைப்பதை ஐந்தடி தள்ளிப் பதிவு செய்தால் பாட்டிகள் எல்லாரும் சொல்லிவிடுவார்கள், மைக்கை முறத்தின் விளிம்பில் வைத்தால் கடலலை என்பார்கள். மாத்திரை அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்குவது, குடையை மடக்குவது, கடை ஷட்டரைத் தூரத்திலிருந்து இறக்குவது, தபால் உறையைக் கிழிப்பது, சைக்கிளைப் பெடல் மிதிக்காமல் உருட்டுவது இவையெல்லாம் நல்ல சத்தங்கள். தினமும் கேட்பவை, ஆனால் யாரும் காதுகொடுத்துக் கேட்டுப் பார்த்ததில்லை. இணையத்தில் எடுக்கும் வினோத சத்தங்களைவிட இவைதான் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் விடை தெரிந்ததும் "ச்சே, இதுவா!" என்று வரும் அந்த ஆச்சரியம் தெரிந்த பொருளில்தான் கிடைக்கும். எது போட்டாலும் விடையோடு சேர்த்து எங்கே, எவ்வளவு தூரத்திலிருந்து பதிவு செய்தது என்று குறித்து வையுங்கள், வாதம் வரும்போது உதவும்.

யாருக்காகப் போடுகிறோம் என்பதையும் யோசியுங்கள். வயதாக ஆக உயர்ந்த ஓசைகள் காதில் விழுவது குறையும், சில பூச்சிகளின் கிரீச்சொலி பேரனுக்குக் கேட்கும், தாத்தாவுக்கு அங்கே மௌனம்தான் இருக்கும். அப்படிப்பட்ட சத்தத்தைப் போட்டு அவரைத் தோற்கடிக்காதீர்கள். பார்வையில்லாதவர்கள் மற்றவர்களோடு எந்த மாற்றமும் செய்யாமல் சமமாக உட்கார்ந்து ஆடக்கூடிய விளையாட்டுகள் மிகக் குறைவு, இது அவற்றில் ஒன்று, அவர்களைச் சத்தம் போடும் நடுவராகவும் ஆக்குங்கள். வெடிச்சத்தம், ஹெலிகாப்டர், ஆம்புலன்ஸ் சைரன், யாரோ அலறுவது, இவற்றை விட்டுவிடுங்கள். ஈழத்திலிருந்து வந்த குடும்பங்களில் ஹெலிகாப்டர் சத்தம் யாருக்கும் புதிராக இருக்காது, அதைக் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடியவர்கள் அந்த அறையிலேயே இருக்கக்கூடும்.

முதல் தடவை ஆடும்போது நாலு சத்தத்துக்கு மேல் வேண்டாம். வெந்நீரும் பச்சைத்தண்ணீரும் ஊற்றுவது ஒன்று, எல்லாரும் சட்டென்று சொல்லக்கூடிய சாவிக்கொத்து மாதிரி ஒன்று, மழையா பொரியலா என்று குழப்பும் ஒன்று, கடைசியாகக் கஷ்டமான ஒன்று. அந்தக் கடைசிச் சத்தத்தைச் சரியாகச் சொன்னவர் அடுத்த ஆட்டத்துக்குச் சத்தம் கொண்டுவரட்டும். யாருமே சொல்லவில்லையென்றால் விடையைச் சொல்லிவிடாமல், அதே சத்தத்தை இரண்டு விநாடி கூடுதலாக நீட்டி அடுத்த வாரம் மறுபடி போடுங்கள்.